உடைமரத்துப் பேனுக்கு ஒரு பெயர்

எங்கள் வீட்டுக்குள் இரண்டு பெயர்கள் நடமாடியதே இல்லை. ஒன்று அய்யாவின் பெயர். ஊரே அதைச் சொல்லும், அம்மா மட்டும் சொல்லமாட்டாள். இன்னொன்று அம்மாவின் பெயர். அதை யாருமே சொல்வதில்லை.

அய்யாவின் பெயர் விஷயத்திலாவது ஒரு காரணம் இருந்தது. புருஷன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று அம்மாவுக்கு அவளுடைய அம்மா சொல்லிக் கொடுத்திருந்தாள். அய்யாவுக்கு வைத்திருப்பதோ சாமி பெயர். அதனால் அம்மா அந்தச் சாமியைக்கூட "பெரியவரே" என்றுதான் கும்பிடுவாள். ரேஷன் கடையிலோ பேங்கிலோ ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியிலோ "வீட்டுக்காரர் பேரு என்னம்மா?" என்று கேட்டால் உடனே என் விலாவில் ஒரு இடி விழும். நான் சொல்ல வேண்டும். சின்ன வயதில் எனக்கு அப்படிக் கோபம் வரும். வேண்டுமென்றே வாயை இறுக மூடிக்கொண்டு நிற்பேன். அம்மா வியர்த்துப் போய், வரிசையில் பின்னால் நிற்கிறவர்களைப் பார்த்து, "எங்க வீட்டாளு பேரு ஒங்களுக்குத் தெரியும்ல, செத்த சொல்லுங்களேன்" என்று கெஞ்சுவாள். யாராவது சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள்.

அம்மாவின் பெயருக்கு எந்த விலக்கும் கிடையாது. சும்மா ஆள் புழங்காத வழி மாதிரி அது மூடிப் போய்விட்டது, அவ்வளவுதான். அய்யாவுக்கு அவள் "இந்தா". தாய்மாமாவுக்கு "தங்கச்சி". ஊருக்கு என் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஒரு "அம்மா". நூறு நாள் வேலைக்குப் போகும்போது மட்டும் ஆள் கணக்கு எடுக்கிறவர் அந்தப் பெயரைச் சத்தமாக வாசிப்பார். அம்மா மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பாள். பக்கத்தில் நிற்கிறவள் முழங்கையால் இடிக்க வேண்டும். "யாரையோ கூப்புடுறாகன்னு இருந்துட்டேன்" என்று வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது, எரிச்சல்தான் வரும்.

இந்த வீட்டில் பிறந்துவிட்டு நான் பிழைப்பாக எடுத்துக்கொண்டது பெயர் வைக்கிற வேலையை. ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக் கொடுக்கிறேன். மீதி நேரமெல்லாம் இலைப்பேன் ஆராய்ச்சி. மிளகாய் போடுகிற எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இலைப்பேன் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை, உடம்பெல்லாம் எரியும். மருந்துக்கடைக்காரர்கள் திரிப்ஸ் என்பார்கள். வெள்ளைத்தாளில் பேனா முனையால் தொட்டு இழுத்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் இருக்கும். அதற்கு நாலு சிறகு, சிறகின் ஓரமெல்லாம் மயிர். மிளகாய்க் குருத்தில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சினால் இலை படகு மாதிரி மேல்நோக்கிச் சுருண்டுகொள்ளும்.

அய்யா முண்டு மிளகாய் போடுகிறவர். மகள் இலைப்பேனைப் படிக்கிறாள் என்றதும், அதை ஒழிக்கத்தான் படிக்கிறாள் என்று கடைத்தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். இல்லை, அதில் எத்தனை வகை இருக்கிறது என்று பார்த்துப் பெயர் வைக்கப் படிக்கிறேன் என்று தெரிந்ததும் அவருக்கு முகமே செத்துப்போனது.

"திருடனப் புடிக்கச் சொன்னா, திருடனுக்குத் தொட்டில் கட்டிப் பேரு வைக்கிறேங்குறா" என்றார் அம்மாவிடம்.

"பேனைப் பெருமாளாக்குறதுன்னு சும்மாவா சொன்னாக" என்றாள் அம்மா. அன்றிலிருந்து அந்த வீட்டில் என் ஆராய்ச்சிக்குப் பெயர் "பெருமாள் வேலை". காலையில் பெட்டியைத் தூக்கினால், "பெருமாள் வேலைக்குக் கிளம்பிட்டியா?" என்பாள்.

எங்கள் மிளகாய்க் கொல்லை தேவிபட்டினத்துக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில், கடற்காற்று அடிக்கிற உவர் மண்ணில் இருக்கிறது. வரப்பு ஓரத்தில் ஒரு உடைமரம். எங்கள் பக்கத்தில் எங்கே பார்த்தாலும் நிற்கிற, உச்சி குடை விரித்த மாதிரி பரந்த, முள்ளு மரம்தான். ஆடு மேய்க்கிறவர்கள் தொரட்டியால் கொப்பை வளைத்துக் காயை உதிர்ப்பதோடு சரி, அதை யாரும் ஒரு மரமாக மதிப்பதில்லை. ஒரு ஆவணி மாதம் அதன் கணுக்களில் மொட்டுப் போல் சின்னச் சின்ன முடிச்சுகள் இருப்பதைப் பார்த்தேன். ஒன்றைக் கிள்ளி ஊசியால் பிளந்தேன். உள்ளே கறுப்பாக இலைப்பேன்கள் குடும்பம் குடும்பமாக இருந்தன. எனக்குப் பரிச்சயமான எதைப் போலவும் அவை இல்லை. வரப்பிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பது எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

ஆனால் ஒரு வில்லங்கம் இருந்தது. கிடைத்ததெல்லாம் பெண். ஸ்லைடு போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், வடநாட்டில் வேறொரு வேலமரத்தில் இருக்கிற ஒரு பழைய இனத்தின் பெண்ணுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு வழிகாட்டியாக இருக்கிற மதுரை மேடம் படங்களைப் பார்த்துவிட்டுப் போனில் சொன்னார்: "அந்தப் பழைய இனத்துல ஆணுக்கு முன்னங்கால்ல பல்லு மாதிரி ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கும். உன்னோட ஆணைக் காட்டு. பல்லு இல்லைன்னா இது புதுசு. ஆண் கிடைக்கலையா, இதை மூடி வச்சிட்டு வேற வேலையைப் பாரு."

இந்த வகைகளில் ஆண்கள் எப்போதும் கொஞ்சம்தான் இருக்கும், இருக்கிறதும் சீக்கிரம் செத்துப்போகும். மழைக்கு முன்னால் மூட்டம் போடுகிற நாட்களில் முடிச்சை விட்டு வெளியே வரும் என்பது என் ஊகம். மழை வருகிற வரைக்கும் மரம் இருக்க வேண்டும். அய்யாவோ புரட்டாசி பிறந்ததும் அந்த மரத்தைத் தூரோடு பிடுங்க ஜேசிபிக்காரரிடம் சொல்லி வைத்திருந்தார். டிராக்டர் திரும்ப இடம் பற்றவில்லை, போதாக்குறைக்கு அதில் பேன் வேறு இருக்கிறதென்று நானே வாயைக் கொடுத்துவிட்டேன்.

"இது மிளகாய்க்கு வராதுய்யா. உடைமரத்தத் தவிர வேற எதையும் தொடாது" என்றேன்.

"ஒங்கிட்ட வந்து சொல்லுச்சாக்கும்?"

சாப்பிட உட்கார்ந்தபோது வேறு பக்கமாகப் போய்ப் பார்த்தேன். புது உயிர் என்று ருசுவானால் அதற்குப் பெயர் வைக்கும் உரிமை எனக்குத்தான் என்றேன். இடத்தின் பெயரை வைக்கலாம், மரத்தின் பெயரை வைக்கலாம், மனுஷர் பெயரையும் வைக்கலாம். தன் பெயரையே வைத்துக்கொள்ளக் கூடாதென்று எழுதி வைத்திருக்கவில்லை, ஆனால் வைத்துக்கொண்டால் மானம் போய்விடும். ஒருமுறை வைத்துவிட்டால் உலகத்தில் எந்த நாட்டுக்காரர் அந்தப் பூச்சியைப் பற்றி எழுதினாலும் அந்தப் பெயரைத்தான் எழுதியாக வேண்டும்.

அய்யா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "எந்த நாட்டுக்காரனும்?"

"எந்த நாட்டுக்காரனும்."

"எத்தனை காலத்துக்கு?"

"புத்தகம் இருக்குற காலத்துக்கு."

அவர் மறுபடி சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். மறுநாள் காலையில் ஜேசிபிக்காரருக்குப் போன் போட்டு, "மரம் இப்போதைக்கு நிக்கட்டும்ப்பா, ஒரு காரியம் இருக்கு" என்று சொன்னது என் காதில் விழுந்தது. எனக்குக் குதிக்க வேண்டும் போல் இருந்தது. குதித்தேன் என்றுகூடச் சொல்லலாம், அம்மா கையிலிருந்த சொளகு தட்டி விழுந்தது.

ஆனால் ஒரே வாரத்தில் விஷயம் விளங்கிவிட்டது. டீக்கடைக்குப் போனால், "என்னத்தா, அய்யா பேருல பூச்சி விடப் போறியாமே?" என்கிறார்கள். நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. அவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் நான் வண்டியை நிறுத்துவதற்குள் வாசலுக்கு வந்து, "பொறந்துருச்சா?" என்று கேட்பார். "ஆம்பள இன்னும் ஆம்புடலய்யா" என்பேன். "ஆம்புடும், ஆம்புடும்" என்று என்னைத் தேற்றுவார். அந்த மனிதர் மிளகாய் விதைப்பைப் பற்றிக்கூட இவ்வளவு ஆசையாகப் பேசி நான் கேட்டதில்லை.

புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றில் வானம் கறுத்தது. எனக்குக் கல்லூரியில் அரியர் தேர்வுக்கு மேற்பார்வை. சன்னல் வழியாகக் கிழக்கே மூட்டத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, மூட்டம் போட்டுருக்கு. உடைமரத்துக்குப் போய் நாலு கொப்பத் தட்டிப் பாரும்மா. கீழ வெள்ளையா எதையாச்சும் விரிச்சுக்க. விழுகுறதத் தூரிகையால தொட்டு, அலமாரியில இருக்குற குப்பியில போட்டுரு."

"எனக்கென்னடி தெரியும் ஒன் பெருமாள் வேலை?"

"ஒண்ணும் தெரிய வேணாம். விழுகுறத எல்லாம் எடு."

சாயங்காலம் நனைந்துகொண்டே வீடு வந்தேன். அம்மா அடுப்படியில் இருந்தாள். கொடியில் அய்யாவின் பட்டுக்கரை வேட்டி, விசேஷத்துக்கு மட்டும் கட்டுகிற வேட்டி, முள் கிழித்து, ஆட்டுப் புழுக்கை ஒட்டி, பார்க்கவே பரிதாபமாகத் தொங்கியது.

"வெள்ளையா விரிக்கச் சொன்னேல்ல" என்றாள் அம்மா. வெள்ளைத்தட்டு என் வண்டிப் பெட்டிக்குள் இருந்தது, அதைச் சொல்ல மறந்திருந்தேன்.

என் அலமாரியில் ஆல்கஹால் ஊற்றிய குப்பிகள் வரிசையாக இருந்தன. எல்லாம் அப்படியே இருந்தன. மூடிகூடத் திறக்கப்படவில்லை.

"குப்பியில போடச் சொன்னேனே, எங்கம்மா?"

"அதத் தொறந்தா சாராய வாடை அடிக்குது. புரட்டாசிச் சனி, விரதம் இருக்கேன். அதப் போயித் தொடுவேனா?" என்றவள் சாமி மாடத்தைக் காட்டினாள். விளக்குக்குப் பக்கத்தில் பன்னீர்ப் பாட்டில் இருந்தது. அதற்குள் எறும்பு, சிலந்தி, ஒரு ஆட்டு உண்ணி, நாலைந்து முள், அதோடு கறுப்புப் புள்ளிகள் கொஞ்சம் மிதந்தன. பன்னீரில் ஊறவைத்த இலைப்பேனை உலகத்தில் எந்த ஆராய்ச்சிக்காரியும் பார்த்திருக்க மாட்டாள்.

எனக்கு அழுகை வந்தது, ஆத்திரம் வந்தது, அதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. ஈர உடுப்போடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து ஆல்கஹாலுக்கு மாற்றினேன். நல்லவேளை, சில மணி நேரம்தான் ஊறியிருந்தன, எதுவும் கெடவில்லை. அவற்றில் ஒன்று மற்றவற்றைவிடச் சிறியது, இடுப்பு ஒல்லி. அதைத் தனியாக வைத்தேன்.

பொட்டாஷில் ஊறவைத்து, சிறகைப் பிரித்து, காலை நீட்டி, பால்சம் பிசினில் பதித்து ஸ்லைடு ஆக்கினேன். மைக்ராஸ்கோப்பில் வைத்தேன், ஆண்தான். முன்னங்காலைப் பார்த்தேன். வழுவழுவென்று இருந்தது. பல் இல்லை. மறுபடி பார்த்தேன், இல்லை. அந்த ஆய்வறையில் தனியாக நின்றுகொண்டு குலவை போட்டேன். பக்கத்து அறை இயற்பியல்காரர் ஓடி வந்துவிட்டார்.

மேடம் ஸ்லைடை மதுரையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "புதுசுதான், சந்தேகமே இல்ல" என்றார். பன்னீர்க் கதையைக் கேட்டு அவர் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. பிறகு, "லேபிள் சரியா எழுது. சேகரிச்சவங்க பேரு?" என்றார்.

எங்கள் தொழிலில் ஸ்லைடின் ஓரத்தில் ஒரு சின்ன லேபிள் ஒட்டுவோம். எந்த ஊர், எந்த மரம், என்றைக்கு, யார் எடுத்தது. அதில் பொய் எழுதக் கூடாது. சொல்லி அனுப்பியவர் பெயரை எழுதுவதில்லை, எவர் கை எடுத்ததோ அவர் பெயரைத்தான் எழுத வேண்டும். நான் பேனாவை எடுத்து அம்மாவின் பெயரை எழுதினேன். எழுதி முடித்ததும்தான் உறைத்தது. விண்ணப்பம், ரசீது என்று எதற்கும் இல்லாமல், யாரும் கேட்காமல், என் கையால் நான் அம்மாவின் பெயரை எழுதியது அதுதான் முதல் தடவை. நல்ல பெயர். வாயில் வைத்துச் சொல்லிப் பார்த்தேன். இவ்வளவு நல்ல பெயரை வைத்துக்கொண்டு எதற்காக இத்தனை வருஷம் "இந்தா", "இந்தா" என்று கூப்பிட்டார்கள் என்று எனக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது.

பூச்சிக்கும் அதே பெயரை வைத்தேன். பெண்ணின் பெயரானால் அதற்கென்று ஒரு லத்தீன் வால் உண்டு, அதையும் ஒட்டினேன். வீட்டில் மூச்சுவிடவில்லை. அய்யா மரத்தை விட்டு வைத்தது எந்த நம்பிக்கையில் என்று எனக்குத் தெரியாதா? கட்டுரை வெளியாகிற வரைக்கும் தினமும் அவர் "பொறந்துருச்சா?" என்று கேட்டார். இவர் முறுக்கிக்கொண்டால் மரமும் போகும், அம்மாவுக்கு இதனால் ஒரு பேச்சும் வரும். ஆனால் பெயரை மாற்ற மட்டும் எனக்கு மனசு வரவில்லை.

கட்டுரை வெளியான அன்று ராமநாதபுரத்தில் கலரில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தேன். வாசலிலேயே அய்யா பார்த்துவிட்டார்.

"பொறந்துருச்சா?"

"பொறந்துருச்சுய்யா."

கையைத் துண்டில் துடைத்து, கண்ணாடியை மாட்டி, வெளிச்சம் பார்த்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். பத்தாம் வகுப்பு வரை படித்தவர், இங்கிலீஷ் எழுத்துக் கூட்ட வரும். முதல் சொல் நீளமானது, பேரினத்தின் பெயர். அதைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குத் தாவினார். அவர் எதிர்பார்த்த எழுத்தில் அது ஆரம்பிக்கவில்லை. நெற்றி சுருங்கியது. விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, சேர்த்து, சத்தமாக வாசித்தார்.

அடுப்படியில் பாத்திரம் உருளுகிற சத்தம் சட்டென்று நின்றது.

"என்னங்க, கூப்புட்டீகளா?" என்று அம்மா ஈரக்கையோடு வெளியே வந்தாள்.

ஆள் கணக்குக்காரர் கத்திக் கத்திக் கூப்பிட்டும் திரும்பாதவள், வாலோடு சேர்த்து, பாதி தப்பாக, எழுத்துக் கூட்டி வாசித்த அந்த ஒற்றைச் சத்தத்துக்கு வந்து நின்றாள்.

அய்யா காகிதத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "கூப்புடல. வாசிச்சேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இவ பேரா வச்சுருக்க?"

"அம்மா கைதான்யா எடுத்துச்சு."

"மரம் எம்மரம்."

"ஆமாய்யா."

"வேட்டி என் வேட்டி. பட்டுக்கரை. அதுக்குப் பெறகு அதக் கட்டவே முடியல."

"கடைசிப் பக்கத்துல ஒங்களுக்கு நன்றி போட்டுருக்கேன்யா, பேரோட. மரத்துக்கும் வேட்டிக்கும்."

அவர் கடைசிப் பக்கத்துக்குப் போய்த் தேடிக் கண்டுபிடித்தார். கொஞ்சம் சமாதானமான மாதிரி இருந்தது. அம்மாவுக்கு இதற்குள் விஷயம் பிடிபட்டுவிட்டது. "ஏண்டி, போயும் போயும் பேனுக்கா எம்பேரு? நூறு நாள் வேலைக்குப் போனா என்னைய ஓட்டியே கொன்னுருவாளுக" என்றாள். திட்டுகிற குரல்தான், ஆனால் அவள் முகம் சிவந்து, கன்னத்தில் ஒரு புறம் குழி விழுந்திருந்தது. அந்தக் குழி அவளுக்கு உண்டு என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

"எங்கன இருக்கு, காட்டுங்க" என்று அய்யாவின் தோள்மேல் குனிந்தாள். அவர் விரல் வைத்துக் காட்டினார். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. எழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நெசமாவே எந்த நாட்டுக்காரனும் இதத்தான் சொல்லணுமா?" என்று என்னிடம் கேட்டாள்.

"எந்த நாட்டுக்காரனும் இதத்தாம்மா சொல்லணும்."

"நல்ல கூத்துதான்" என்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பினாள்.

அய்யா காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். பிறகு அடுப்படிப் பக்கம் பார்த்து, காகிதம் இல்லாமல், வால் இல்லாமல், அவளுடைய அப்பா அம்மா வைத்த மாதிரியே அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"வாரேன்" என்றாள் அம்மா.